படத்துக்குள் இருந்த பூனைக்கண்

என் முகவாயில் ஒரு விரலை வைத்து நிமிர்த்தினார் என் மாமியார். என் கண்ணைப் பார்த்தார். "ஐயோ!" என்று ஒரு கத்தல் போட்டார் பாருங்கள், வெளியே பந்தலில் வாசித்துக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

தாலி கட்ட இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. மாரண்டஹள்ளியில் மாப்பிள்ளை வீட்டு உள்ளறையில், கூறைப் புடவை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து நிற்கிறேன். மாமியாரின் காலைத் தொட்டுக் கும்பிடு என்று கூட்டிவந்தார்கள். கும்பிட்டு எழுந்தேன். அதற்குள் இப்படி.

"இந்தக் கண்ணு வேணாம். என் வூட்டுக்கு இந்தக் கண்ணு வேணவே வேணாம்" என்று சொல்லிக்கொண்டே அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போன வாரம் எங்கள் ஊர் ஏரிக்கரை உடைந்ததை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஓசூர் வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பத்திரிகையில் உங்கள் படம் பார்த்தேன். உங்களுக்குப் பூனைக்கண்ணா, இல்லை அச்சடித்ததில் கோளாறா?" என்று கேட்கிறார்.

கோளாறெல்லாம் இல்லை அம்மணி. பூனைக்கண்தான். அசல். அந்தக் கண்ணால் என் கல்யாணம் நிற்கப் பார்த்ததைத்தான் இந்த வாரம் சொல்கிறேன்.

யார் பக்கத்துக் கண்?

நான் பிறந்தது நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில். அப்பாவுக்குக் கண் கருகருவென்று நாவல்பழம் மாதிரி இருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான். அண்ணன்கள் இரண்டு பேருக்கும் அப்படித்தான். நான் ஒருத்தி மட்டும் பச்சைப்பயறைச் சாம்பலில் புரட்டின நிறத்தில் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

இது எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் நடந்த வழக்கு, கோர்ட்டுக்குப் போகாததுதான் குறை.

தொப்பூரில் கட்டிக்கொடுத்திருந்த அப்பாவின் அக்காவுக்குப் பூனைக்கண். பென்னாகரத்தில் இருந்த அம்மாவின் தாய்மாமனுக்கும் பூனைக்கண். ஆக இரண்டு கட்சிக்கும் சாட்சி உண்டு.

"இது உங்க அக்கா கண்ணுங்க, சந்தேகமே இல்ல" என்பார் அம்மா.

"போ புள்ளே, உங்க மாமன் கண்ணை அப்படியே தோண்டி எடுத்து வச்ச மாதிரி இருக்குது" என்பார் அப்பா.

இதில் ஒரு வேடிக்கை. வீட்டில் பால் திரிந்துபோனால் என் கண் அடுத்த கட்சியைச் சேர்ந்ததாகிவிடும். பள்ளிக்கூடத்து வாத்தியார் "இவ கெட்டிக்காரி" என்று சொன்னால் போதும், அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் அது தன் பக்கத்துக் கண் என்று அடித்துக்கொள்வார்கள்.

ஊரில் பூனைக்கண் என்றால் ஒரு பயம். பக்கத்து வீட்டில் மாடு கன்று போட்டால் சீம்பாலை என் கண்ணில் படாமல் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோவார்கள். விதைக்கப் போகிறவர்கள் என்னை எதிரே பார்த்தால் ஒரு நிமிஷம் நின்று வெற்றிலை போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். ஒரு தடவை பக்கத்து வீட்டு அக்கா, "நீ பாத்துட்டே, எங்க குழம்பு காந்திப் போச்சு" என்று சண்டைக்கு வந்தாள். "நான் பாத்தா காந்தும்னா எங்க வூட்டு அடுப்புக்கு விறகே வேணாமே" என்றேன். அம்மா என் வாயில் ஒன்று போட்டார். ஆனால் திரும்பி நின்று சிரித்ததையும் நான் பார்த்தேன்.

வெகுகாலம் கழித்து என் கடைசி மகள் காலேஜில் விலங்கியல் படித்தாள். ஒரு நாள் நோட்டில் நாலு கட்டம் போட்டு எனக்கு விளக்கினாள். பிள்ளைக்குக் கண் நிறத்தில் அப்பா ஒரு பங்கு கொடுக்கிறார், அம்மா ஒரு பங்கு கொடுக்கிறார். கருப்பும் வெளிர் நிறமும் சேர்ந்தால் கருப்பு முன்னால் வந்து நின்றுகொள்ளும். வெளிர் நிறம் எங்கும் போகாது. கம்மென்று உள்ளே உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்திருப்பது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால் அது வெளியே எட்டிப் பார்க்கும்.

"இது சும்மா சுருக்கமா சொன்னதும்மா. நெசத்துல இன்னும் பல சங்கதி கூடித்தான் நிறம் வருது" என்றும் சொன்னாள். எனக்கு இந்தச் சுருக்கமே போதும்.

அப்பாவும் அம்மாவும் அப்போது இல்லை. இருந்திருந்தால் வழக்கில் இரண்டு கட்சியும் ஜெயித்தது என்று சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கண்ணாடிக் கூரைக்குக் கீழே

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். யுத்த காலம். அரிசிக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. மாப்பிள்ளைக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லை, ஆனால் என் கண்ணைக் கேள்விப்பட்டதும் வந்தவர்கள் எல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

அப்போதுதான் மாரண்டஹள்ளியிலிருந்து இந்த வரன் வந்தது. மாப்பிள்ளை பாலக்கோட்டில் ரைஸ் மில் இன்ஜின் பார்க்கிறவர். மில்லை விட்டுவிட்டு அத்தனை தூரம் வர முடியாது, பெண்ணின் போட்டோ ஒன்று அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்பா என்னைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போனார். அங்கே சுப்பராயலு என்று ஒரு போட்டோக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஐம்பது வயது இருக்கும். அவர் ஸ்டுடியோவுக்குக் கூரை கண்ணாடி. வெயில் உள்ளே இறங்கி எரிக்கும். பின்னால் அரண்மனைத் தூண் இரண்டு வரைந்த திரை தொங்கும். அதில் இடது பக்கத்துத் தூண் சாய்ந்திருக்கும். வரைந்தவர் என்ன மயக்கத்தில் இருந்தாரோ தெரியவில்லை.

"அசையாதீங்க பாப்பா. மூச்சை இழுத்து நிறுத்துங்க. கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் மூச்சை நிறுத்தி, கண்ணில் தண்ணீர் வழிய வழிய முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. பார்த்தால் என் கண் மையிருட்டுக் கருப்பு! அண்ணன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏம்பா, என் கண்ணு இப்படியா இருக்குது?" என்றேன்.

"இது கருப்பு வெள்ளைப் படம்டி. கருப்பு வரும், வெள்ளை வரும். பச்சைக்கு அவன் எங்க போவான்?" என்றார் அப்பா.

அவ்வளவு தீர்மானமாகச் சொன்னார். அன்றைக்கு நான் கட்டியிருந்த கரும்பச்சைப் பாவாடையும் படத்தில் கருப்பாகத்தான் விழுந்திருந்தது. அதனால் நானும் நம்பிவிட்டேன். ஆக எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. படம் அப்படியே பாலக்கோட்டுக்குப் போயிற்று. மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது.

அடக்கமான பெண்

பெண் பார்க்க மாப்பிள்ளையின் தாய்மாமன் சின்னசாமியும் அவர் சம்சாரமும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்கும்போதே தகப்பனார் காய்ச்சலில் போய்விட்டார். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதற்குப் பிறகு மாமியார் கைப்பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு, மாரண்டஹள்ளிக்கு, வந்துவிட்டார். தாலி அறுத்தவர் பெண் பார்க்க வரக்கூடாது என்று ஒரு பாழாய்ப்போன வழக்கம். அதனால் பெற்ற மகனுக்குப் பெண் பார்க்கும்போது அவர் வரவில்லை. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

இன்னொரு வழக்கம், பெண் தலையை நிமிர்த்தக்கூடாது. அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார், "தலைய தூக்கினே, அவ்வளவுதான்." நான் குனிந்த தலை நிமிராமல் வெற்றிலைத் தட்டை வைத்தேன், குனிந்தபடியே திரும்பிப் போனேன். நான் பார்த்ததெல்லாம் நாலு பாதம். அவர்கள் பார்த்ததெல்லாம் என் நடு வகிடு.

"ரொம்ப அடக்கமான பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் ஆயுசில் என்னை யாரும் அப்படிச் சொன்னது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கரி பஸ்

எங்கள் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான். விடிந்ததும் பஸ்ஸில் கிளம்பினோம். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய உருளை வைத்து அதில் கரியைப் போட்டு எரித்து, வருகிற புகையில் வண்டியை ஓட்டுவார்கள். சமதரையில் ஓடும். மேடு வந்தால் நின்றுவிடும்.

பாலக்கோட்டுக்கு முன்னால் ஒரு மேட்டில் அது நின்றது. ஆம்பிளைகள் எல்லாம் இறங்கித் தள்ளினார்கள். கல்யாணப் படம் எடுக்க எங்களோடு வந்த சுப்பராயலு மட்டும் இறங்கவில்லை. கேமராப் பெட்டியை மடியில் வைத்துக் கைக்குழந்தை மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு, "நல்லாத் தள்ளுங்க, நல்லாத் தள்ளுங்க" என்று உள்ளேயிருந்து உற்சாகப்படுத்தினார். புளியமரத்து நிழலில் நானும் இறங்கி நின்றேன். அப்பா முகமெல்லாம் கரி. "என் பொண்ணு கல்யாணத்துக்கு நான்தான் இன்ஜின்" என்று சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து அதே அப்பா, மாரண்டஹள்ளிப் பந்தலில் தோள் துண்டைக் கையில் இறக்கிக்கொண்டு நின்றார்.

பந்தலில் நின்ற வழக்கு

மாமியார் போட்ட கத்தலில் மொத்தக் கூட்டமும் உள்ளறை வாசலில் கூடிவிட்டது. என்னைக் கைப்பிடித்துப் பந்தலுக்குக் கொண்டுவந்தார்கள். சின்னசாமி மாமன் என் முகத்தைப் பார்த்தார், பெட்டியிலிருந்து என் போட்டோவை எடுத்துவந்து அதையும் பார்த்தார்.

"என்னாங்க இது? போட்டோவுல ஒரு கண்ணு, பொண்ணுகிட்ட ஒரு கண்ணு?"

அப்பா தன் விளக்கத்தைச் சொன்னார். கருப்பு வெள்ளைப் படம், பச்சைக்கு எங்கே போவது, இத்யாதி. கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். "கேமரா பேரச் சொல்லி ஏமாத்திப்புட்டீங்களே" என்றார் இன்னொருவர். "பஸ் இன்னும் கிளம்பல. அதுலயே ஏறிப் போகச் சொல்லுங்க" என்று மூன்றாவதாக ஒரு குரல்.

அப்பா கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எனக்கு அந்த நிமிஷம் செத்துப்போய்விடலாம் போல இருந்தது. வாயாடி என்று பேர் வாங்கினவள், ஒரு வார்த்தை வரவில்லை. பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஊருக்குள் போனால் அதற்கப்புறம் அப்பா தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எனக்கு இந்த ஜென்மத்தில் இன்னொரு பந்தல் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அப்போது மாப்பிள்ளை வந்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருக்குக் கருப்புக் கண். என் கண்ணைப் பார்த்து அவர் பயப்படவில்லை.

"ஏன் மாமா, நான் என்ன போட்டோவையா கட்டிக்கப் போறேன்?" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அடுத்த வார்த்தையில் பாதி உயிர் போயிற்று.

"ஆனா அம்மா சரின்னு சொல்லணும். அவங்க மனசு ஒப்பாம நான் தாலி கட்ட மாட்டேன்."

எல்லாரும் உள்ளறையில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேணாம், வேணாம்" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சுப்பராயலு முன்னால் வந்தார். "பொண்ணோட அப்பாவைத் திட்டாதீங்க. தப்பு என் பேர்ல. கண்ணுல கருப்பு வச்சது நான்" என்றார்.

"நீ எதுக்குய்யா வச்சே?"

"எல்லாருக்குந்தான் வைக்கறேங்க! என்கிட்ட இருக்கற, படம் புடிக்கற பிளேட்டுல வெளுத்த கண்ணு வெள்ளையாத்தான் விழும். முழியே இல்லாத மாதிரி, பிசாசு கணக்கா இருக்கும். பாக்கறவங்க பயந்துக்குவாங்க. அதனால படம் காஞ்சதும் பிரஷ்ஷால மை தொட்டு முழி வச்சுடுவேன். முப்பது வருசமா இதான் பழக்கம். யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல."

சொல்லிக்கொண்டே மணமேடைப் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு நாற்காலியில் மாலை போட்டு மாமனாரின் படத்தை வைத்திருந்தார்கள், மகன் கல்யாணத்தைத் தகப்பனார் பார்க்கட்டும் என்று. சுப்பராயலு அந்தப் படத்தையே உற்றுப் பார்த்தார். கிட்டே போனார். படத்தில் மாமனாருக்குப் பின்னால் அரண்மனைத் தூண் இரண்டு. இடது தூண் சாய்ந்திருந்தது.

"அட! இது என் கை" என்றார்.

பஞ்சும் தண்ணீரும்

"இந்த ஆளை எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க" என்றார் சுப்பராயலு. "கோலார்ல வேலைன்னு சொன்னாரு. படத்தை வாங்கிப் பாத்துட்டு, 'யாருய்யா இது, என் தம்பியா?'ன்னு கேட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு. இவருக்கும் பூனைக்கண்ணுங்க."

பந்தலில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். சின்னசாமி மாமன், "மச்சானை நான் கல்யாணத்துல ஒரு தடவ பாத்ததுதான். கண்ணையா பாத்துக்கிட்டு நின்னேன்?" என்றார். மாப்பிள்ளை படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "எங்கப்பாவுக்குக் கருப்புக் கண்ணுன்னுதானே அம்மா சொல்லியிருக்குது" என்றார்.

"நம்பலைன்னா துடைச்சுக் காட்டறேன். கோந்து கலந்த மைதான். தண்ணி பட்டா வந்துடும். அதுக்குத்தான் கண்ணாடி போட்டு மாட்டச் சொல்றது."

செத்தவர் படத்தில் கை வைக்கலாமா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அதற்குள் உள்ளறையிலிருந்து மாமியார் எழுந்து வந்துவிட்டார். தாலி அறுத்தவர் கல்யாணப் பந்தலுக்குள் வரக்கூடாது என்று அதுவரை உள்ளேயே இருந்தவர். நேரே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"துடைங்க" என்றார்.

சுப்பராயலு சட்டத்தைக் கழற்றினார். யாரோ ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பஞ்சை நனைத்து, பிழிந்து, ஒரு தீக்குச்சி முனையில் சுற்றிக்கொண்டார். முதலில் வலது கண். மெள்ள, மெள்ளத் தொட்டார். பஞ்சு கருத்தது. வேறு பஞ்சு எடுத்தார். பிறகு இடது கண். மூக்கு அரிக்கிறது, சொறியக்கூட எனக்குக் கை வரவில்லை. என் கல்யாணமே அந்தத் தீக்குச்சி முனையில் இருந்தது.

முடித்துவிட்டுப் படத்தை மாமியாரிடம் கொடுத்தார். கருப்புக் கண்ணோடு விறைப்பாக முறைத்துக்கொண்டிருந்த மனிதர் போய்விட்டார். வெளிர் கண்ணோடு யாரோ ஒரு வாலிபர், சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமியார் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வாய்விட்டு அழுதார். பிறகுதான் பேசினார்.

"இப்படித்தான் இருந்துச்சு. இப்படியேதான் இருந்துச்சு. அவரு போனப்ப அவங்க வூட்டு ஆளுங்க, 'பூனைக்கண்ணு ஆயுசுக்கு ஆகாது, அதான் போயிட்டான்'னு சொன்னாங்க. என் புள்ளைக்கு அது வந்துடக் கூடாதுன்னு தெனமும் அவன் கண்ணைக் கண்ணைப் பாப்பேன். கருப்பாவே இருந்துச்சு. உங்கப்பனுக்கும் கருப்புதான்னு சொல்லி வளத்தேன். படத்தைப் பாத்துப் பாத்து, கடைசில எனக்கே அந்தக் கண்ணு மறந்து போச்சு. இருவது வருசமா யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், வர மாட்டேங்குது. இன்னைக்கு இந்தப் பொண்ணு மூஞ்சியத் தூக்கினேன். அங்க இருக்குது."

அதனால்தான் கத்தியிருக்கிறார். அந்தக் கத்தலுக்கு நான் எடுத்த அர்த்தமெல்லாம் தப்பு.

என் கிட்டே வந்தார். மறுபடியும் முகவாயில் அதே விரல்.

"படத்துல வெளுப்புதான் தெரியுது. நெறம் இதுல இருக்குது" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "ஏன் கண்ணு, உங்க வூட்டுல இந்தக் கண்ணு இருக்கறவங்க ஆயுசோட இருக்காங்களா?"

எனக்கு வாய் திரும்பி வந்தது. "தொப்பூர்ல எங்க அத்தைக்கு அறுவது தாண்டிடுச்சுங்க, இன்னும் மருமவள அதட்டிக்கிட்டு இருக்குது. பென்னாகரத்து மாமனுக்கு எழுவது. போன மாசங்கூட மாமரத்துல ஏறினாருங்க" என்றேன்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாதஸ்வரக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்யா சும்மா உக்காந்திருக்கே? வாசி" என்றார்.

தாலி கட்டும்போது அவர் உள்ளே போகவில்லை. மாமனார் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே நின்றார். உள்ளே போ என்று சொல்ல அந்தப் பந்தலில் யாருக்கும் வாய் வரவில்லை. அப்பா குனிந்து தன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிசாசு கணக்கா ஒரு படம்

கல்யாணப் படம் எடுக்க எங்களை வரிசையாக நிறுத்தினார் சுப்பராயலு. மாமியார் அவரிடம் போனார்.

"இங்க பாருங்க. என் மருமவ கண்ணுல பிரஷ்ஷக் கொண்டு போனீங்க, கையை ஒடிச்சுப்புடுவேன்."

"பிசாசு மாதிரி விழும் தாயி."

"விழட்டும்."

விழுந்தது. வீட்டுக் கூடத்தில் இன்றைக்கும் மாட்டியிருக்கிறது. எல்லாரும் மனிதர்களாக நிற்கிறார்கள், நடுவில் நான் மட்டும் முழியில்லாமல் நிற்கிறேன். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மாமியாருக்கு அதற்குப் பிறகு ஒரே ஆசை. அந்தக் கண் பேரப்பிள்ளைக்கு வரவேண்டும். முன்னே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட அதே சாமியிடம் போய், இப்போது வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். சாமி குழம்பிப்போயிருக்கும்.

முதல் பிள்ளை பையன். பிறந்த நாளிலிருந்து தினமும் காலை வெயிலில் தூக்கிப்போய்க் கண்ணைப் பார்த்தார். நாலு மாதத்தில் கருப்பு என்று தீர்ந்துவிட்டது. "போகட்டும், புள்ள நல்லா இருக்குது" என்றார். குரல் இறங்கித்தான் இருந்தது. இரண்டாவதும் பையன். அவனும் கருப்பு.

"ரெண்டு தடவ ஏமாத்திடுச்சு. மூணாவது கண்டிப்பா வரும்" என்றார்.

கட்டம் போட்ட என் மகள் பின்னாளில் இதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் அப்பாவிடம் அந்தக் கண் உள்ளே ஒளிந்திருந்தது, என்னிடம் வெளியே இருந்தது. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் பூவா தலையா போடுகிறதாம். முன்னால் என்ன விழுந்தது என்று அதற்கு ஞாபகம் இருக்காதாம். என் மாமியாருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நல்லவேளை.

வெள்ளைக்காரன் போய்ச் சுதந்திரம் வந்தபிறகு மூன்றாவது பிறந்தாள். பெண். பிறந்தபோது எல்லாக் குழந்தைக்கும் இருக்கிற மாதிரி மங்கலான கண்தான். மாமியார் தினமும் காலை வெயிலுக்கு மட்டும் தூக்கிப்போனார். நாலு மாதம் ஆயிற்று, ஐந்து மாதம் ஆயிற்று.

ஒரு நாள் காலை வாசலில் கேழ்வரகு காயப்போட்டிருந்தோம். அதன் ஓரத்தில் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்தேன்.

"ஐயோ!" என்று ஒரு கத்தல்.

அதே கத்தல். துடுப்பை அப்படியே பானையில் விட்டுவிட்டு ஓடினேன்.

பிள்ளையின் முகவாயில் ஒரு விரலை வைத்து வெயிலுக்கு நிமிர்த்திப் பிடித்திருந்தார். "மாதம்மா, இங்க வா. வந்து எதுருல உக்காரு. ரெண்டையும் ஒண்ணா பாக்கணும்" என்றார். உட்கார்ந்தேன். என் கண்ணைப் பார்த்தார், அவள் கண்ணைப் பார்த்தார், மறுபடியும் என் கண்ணைப் பார்த்தார்.

பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் மாமனார் படத்துக்கு முன்னால் நின்றார். அத்தனை வருஷத்தில் அவர் அந்தப் படத்தோடு பேசி நான் கேட்டதில்லை.

"ஏங்க, இங்க பாருங்க. உங்க பேத்திங்க" என்றார்.

அடுப்பில் களி அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. வீடெல்லாம் தீய்ந்த வாசனை. அன்றைக்கு மட்டும் யாரும் என் கண்ணைக் குறை சொல்லவில்லை. மாமியார் அந்தத் தீய்ந்த களியை இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.